தாளம் பிசகாத சாட்சி

மட்டாஞ்சேரிச் சந்துக்குள் நுழைந்தால் சிக்னல் செத்துவிடும் என்று, ஆப் டாக்சி ஓட்டும் முப்பிடாதி சந்து முனையிலேயே ஆப்பில் சவாரியை முடித்துவிட்டு, பயணியை உள்ளே கொண்டுபோய் விடுவான். அன்றும் அப்படி முடித்த பிறகுதான் லாரி மோதி, பயணி மஞ்சுஷாவுக்குக் கை முறிந்தது.

"சவாரி முடிஞ்சாச்சு. அப்புறம் வண்டியில ஆளு இருந்ததுக்கு என்ன ஆதாரம்?" என்று இன்ஷூரன்ஸ் அதிகாரி கையை விரித்தார். ஆஸ்பத்திரிச் செலவு தன் தலையில் விழும் என்று முப்பிடாதி கணக்குப் போட்டான்.

கட்டுப் போட்ட கையோடு மஞ்சுஷா மொபைலை நீட்டினாள். "சேட்டன் வண்டியில ஹம்சா பாட்டு ஓடிச்சில்ல? அப்பாவுக்கு அனுப்பலாம்னு ரெக்கார்ட் பண்ணினேன்."

பாட்டு, மோதல், அவள் அலறல் எல்லாம் நேரத்தோடு பதிந்திருந்தன. "இது போதும், கிளெய்ம் கிடைச்சிடும்" என்றார் அதிகாரி. முப்பிடாதிக்குப் போன உயிர் திரும்பியது.

மொபைலில், எப்போதோ இறந்துபோன அந்த உள்ளூர்ப் பாடகர் ஹம்சா, கண்ணாடி நொறுங்கிய பிறகும் தாளம் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார்.