கதவுக்குள் தண்ணீர்

காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரின் பசையை அவள் கட்டைவிரல் நகம் சுரண்டிக்கொண்டிருந்தது. பிளேடு பக்கத்திலேயே கிடந்தது. பிளேடு வைத்தால் கண்ணாடியில் ஓடும் மெல்லிய கம்பிகள் அறுந்துவிடும், அதனால் நகம். சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்து, பசை ஊறும்வரை பொறுத்து, பிறகு ஒரே திசையில் சுரண்ட வேண்டும். கை பொறுமையாக இருந்தது. வாய் அப்படி இல்லை. ஸ்டிக்கரை ஒட்டியவன், அதைப் பாதி கிழித்துவிட்டுப் போனவன், மிச்சத்தின்மேல் பாலிஷ் பூசி விற்றவன் என்று எல்லாருடைய பரம்பரைக்கும் அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது.

அவள் வேலை செய்யும் பேருந்துப் பணிமனையில் அவளுக்கு ஏர்ஹாரன் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். பேருந்து கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தவள். சீட்டுக்கடியில் குனிந்து குனிந்து, எந்தச் சீட்டு எந்த போல்ட்டில் நிற்கிறது, எந்த ஜன்னல் ரப்பர் எங்கே வாய் பிளக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். ரெக்சின் தைக்கிறவர் வராமல் போன ஒரு நாளில், கிழிந்த சீட்டைக் கழற்றிப் பிரித்து, பழைய தையல் ஓட்டைகளிலேயே ஊசியை விட்டுத் தைத்து மாட்டினாள். அதன் பிறகு விளக்குமாறு வேறு கைக்குப் போயிற்று. யாரும் உட்கார வைத்து எதையும் சொல்லித் தரவில்லை. தப்பாக மாட்டி, திட்டு வாங்கி, மறுபடி கழற்றிக் கற்றது. அதனாலோ என்னவோ அவளுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையில் முட்டை அட்டையில் வைக்க வேண்டும். ஈரம் காயாமல் எதையும் மூடக் கூடாது. இதை யாராவது மீறினால் ஹாரன் சத்தம் டிக்கெட் கவுண்டர் வரைக்கும் கேட்கும்.

இப்போது அவள் நகம் தேய்த்துக்கொண்டிருந்த கார் அவளுடையது அல்ல, தங்கையுடையது. சாம்பல் நிறச் சின்ன வண்டி. இரண்டு பேரிடம் ஓடிவிட்டு மூன்றாவதாக இங்கே வந்திருந்தது. தங்கை மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, பொட்டலம் கட்டி அனுப்பும் பிரிவில் இருக்கிறாள். ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பெரிய மருத்துவமனையில் காலை நேரப் பொறுப்பாளர் வேலை அவளைத் தேடி வந்தது. முதல் அறுவைக்கு முன்னால் தட்டுகள் தயாராக இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேர ஒரு பேருந்தும் கிடையாது. அதற்காகத்தான் கார். திங்கட்கிழமை விடியும்போது அவள் அங்கே நின்றாக வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் வேறொருத்திக்கு.

அக்காவுக்கும் இப்படி ஒன்று வந்து போயிருக்கிறது. வேறொரு பணிமனையில் ஒரு பிரிவையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன நேரத்துக்கு அங்கே போக வண்டி இல்லை. பஸ்ஸுக்கே சீட் தைக்கிறவளுக்கு ஏறிப் போக பஸ் இல்லையாம் என்று எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து பல நாள் யாரோடும் பேசவில்லை.

தங்கையின் கணவர் குழாய் வேலை செய்பவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வேண்டாம் என்று வாயைத் திறந்து ஒரு தடவைகூடச் சொல்லாமல், நாள் முழுக்க அதையே சொல்லத் தெரிந்தவர். பைக்கில் நானே கொண்டுபோய் விட மாட்டேனா என்பார். விடுவார், முதல் இரண்டு நாள். அதற்கப்புறம் எங்கோ ஒரு தொட்டி உடைந்து மாடி முழுக்க வழியும், போன் வரும், கிளம்பிவிடுவார். கார் தரகர் வேறு, பிடிக்கவில்லை என்றால் ஞாயிறு சாயங்காலத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று வாய்வார்த்தை கொடுத்திருந்தார். மாப்பிள்ளைக்கு அந்த வார்த்தை வெல்லமாக இனித்தது. வைப்பர் கீச்சிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். உள்விளக்கு எரியவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடலாம். சீட்டில் சிகரெட் நாற்றமா, அப்போதும் அதே பாட்டு.

அந்தப் பாட்டை நிறுத்தத்தான் அக்கா சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தரகர் தொங்கவிட்டிருந்த வாசனைப் புட்டியை முதலில் பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள். நாற்றத்தை மறைக்கிறவனை அவளுக்குப் பிடிக்காது. சீட்டுகளைக் கழற்றி வெளியே போட்டு, அடியில் இருந்த சீப்பு, மருந்துப் பட்டை, காய்ந்த பழத்தோல் எல்லாவற்றையும் வாரினாள். சோப்பு நுரையால் துணியைத் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை ஒற்றி ஒற்றி எடுத்தாள். வைப்பரின் தண்டு லேசாக முறுக்கியிருந்தது, அதை நிமிர்த்தியதும் கீச்சு நின்றது. உள்விளக்கில் பல்ப் நன்றாகத்தான் இருந்தது, பிடி தளர்ந்திருந்தது. சாயங்காலம் அவள் கிளம்பும்போது பசை மட்டும்தான் பாக்கி. மறுநாள் காலையில் சுரண்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

பசையும் போயிற்று. கண்ணாடியைத் துடைத்துவிட்டு முன்பக்கம் வந்தபோது மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தார். முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் அடக்கம். உள்ளுக்குள் கொஞ்சம் கொண்டாட்டம். நேற்று அக்கா போன பிறகு, தன் பங்குக்கு மோட்டார் வைத்துக் குழாயில் காரைக் கழுவினாராம். காலையில் பார்த்தால் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி பாதியில் நிற்கிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கதவைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். உள்ளே களக் களக் என்றது.

"காரோட ஒரு கெணறும் சேத்துக் குடுத்திருக்கான், அண்ணி."

தரகருக்குப் போன் பண்ணியாயிற்று, சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கொள்வார் என்றும் சொன்னார்.

உள்ளே தங்கை புது யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், பெட்டியை அணைத்துவிட்டு நின்றாள். ஒரு கை மடிப்போடும் மறு கை சுருக்கத்தோடும் சட்டை நாற்காலியில் கிடந்தது. அதைப் பார்த்ததும் அக்காவுக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. தரகருக்குப் போன் போட்டாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர் வீட்டு அம்மா கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிற அளவுக்கு அவரைப் பிடித்து உலுக்கினாள். அவரோ, மழைக்காலம் பூரா வெட்டவெளியில் நின்ற வண்டி அது, கதவுக்குள் ஒரு சொட்டுத் தேங்கியதில்லை என்று சத்தியம் செய்தார். பொய் சொல்கிற வாய்தான். ஆனால் அந்தச் சத்தியத்தில் ஏதோ உண்மை இருப்பதாக அவளுக்குப் பட்டது, அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

கதவின் உள்பலகையைக் கழற்றினாள். திருகாணிகள் வரிசையாக முட்டை அட்டைக்குப் போயின. பலகைக்குப் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழியாமல் உரித்து, டார்ச் அடித்தாள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரின் பாதி வரைக்கும் தண்ணீர், மேலே சோப்பு நுரை. எந்தக் கதவுக்கும் கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். இறங்கினால் அடியிலிருக்கும் துளைகள் வழியாக வெளியேறிவிடும். இது ஏன் வெளியேறவில்லை? தரையில் மல்லாந்து படுத்துக் கதவின் அடிவிளிம்பைப் பார்த்தாள். துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஒழுகலை அடைக்கும் வெள்ளை சிலிக்கான். நகத்தால் கீறி மூக்கருகில் கொண்டுபோனாள். வினிகர் வாடை. பழசாக இருந்தால் வாடை போயிருக்கும், அழுக்கு ஏறியிருக்கும். இது இந்த வீட்டுக்கு வந்த பிறகு அடைத்தது. இந்த வீட்டில் சிலிக்கான் துப்பாக்கி யாருடைய பையில் இருக்கிறது என்று அவள் யோசிக்கவே வேண்டியதில்லை.

வேண்டுமென்றே செய்திருக்கிறார். கார் போக வேண்டும், பெண்டாட்டி வீட்டோடு கிடக்க வேண்டும், அதற்காகக் கதவைக் கெடுத்திருக்கிறார். கையில் ஸ்குரூ டிரைவரோடு எழுந்தாள். எழுந்தவள் இன்னொரு தடவை குனிந்து அந்த அடைப்பைப் பார்த்தாள். ஓரம் பிசிறில்லாமல், விரலை ஈரமாக்கி வழித்து, துளைக்குத் துளை ஒரே அளவில் இருந்தது. கெடுக்க நினைக்கிறவன் இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டான். ஓங்கிய கையை இறக்க இடமில்லாமல் போனது போல அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"மாப்ள, இங்க வாங்க. இது யாரு போட்டது?"

அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் ஒளிவு மறைவே இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நாந்தான். வண்டி வந்த அன்னிக்கே. அடியில ஓட்டை ஓட்டையா இருந்துச்சு, துரு தின்னுருச்சுன்னு நெனச்சேன். நாலு கதவும் அடைச்சாச்சு, அண்ணி."

தண்ணீர் வெளியே வருகிற ஓட்டையைக் கண்டால் அடைத்துத்தானே அவருக்குப் பழக்கம். அந்தக் கை அதைத்தான் செய்திருக்கிறது. துளை எதற்கு என்று அக்கா சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. அதோடு விட்டிருக்கலாம், அவள் விடவில்லை.

"தெரியாம செஞ்சத நான் கேக்கல. என்ன ஆச்சுன்னு ஒரு நிமிஷம் பாக்காம, எடுத்துட்டுப் போன்னு போன் போட்டீங்களே, அதக் கேக்கறேன். ஒரு வீட்டுல கொழாய் ஒழுகுதுன்னு கூப்பிட்டா, வீட்ட வித்துருங்கன்னா சொல்லிட்டு வர்றீங்க?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை உள்ளே போய் வளைந்த கொக்கி ஒன்றை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தார். நீங்கள் அடைத்ததை நீங்களே எடுங்கள் என்று அவள் சொல்ல இருந்தாள், அதற்கு இடமில்லாமல் போயிற்று. முதல் அடைப்பைப் பிடுங்கியதும் கதவுக்குள் இருந்த அத்தனை தண்ணீரும் நுரையோடு அவர் மடியில் கொட்டியது. எழுந்து ஓடவில்லை, நனைந்தபடியே அடுத்த துளைக்குப் போனார். நான்காவது கதவில் இருந்தபோதுதான், அக்காவைப் பார்க்காமல், இருட்டோடு இருட்டாக ஒருத்தி தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போகிறாளே என்று இருந்தது என்றார்.

"அத அவகிட்ட சொல்லியிருக்கணும். கார் மேல ஏன் பழியத் தூக்கிப் போடறீங்க?"

கண்ணாடி ஏற்றும் மோட்டாரைக் கழற்றித் துணிமேல் வெயிலில் வைத்தாள். ஒயர் முனைகளைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, தலை காயவைக்கும் மெஷினைத் தூரப் பிடித்து ஊதினாள். மின்விசிறியை வெளியே இழுத்து வந்து கதவைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். மாப்பிள்ளை மூன்று முறை வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, இப்போது மாட்டிப் பார்க்கலாமே என்றார். மூன்று முறையும் அவளிடமிருந்து பார்வை மட்டும் கிடைத்தது.

அது காய்வதற்குள் தரகர் வந்துவிட்டார். உரிந்து நின்ற கதவையும், துணியில் கிடந்த மோட்டாரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பரவாயில்லை, இப்படியே ஏற்றிக்கொண்டு போகிறேன், வேறு ஒருவர் இதே வண்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். ஆனால் இப்போதே சொல்லிவிட வேண்டும், நாளைக்கு வந்து நின்றால் தான் பொறுப்பில்லை. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். மோட்டார் பிழைக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே தண்ணீர் எவ்வளவு போயிருக்கிறதோ, மாட்டினால்தான் தெரியும். மாட்ட முடியாது, ஈரம் இருக்கிறது. பணிமனையையே அலற வைக்கும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

தங்கை முன்னால் வந்தாள்.

"வண்டி இங்கதான் இருக்கும். கண்ணாடி ஏறலன்னா, தெறந்து வச்சுட்டே ஓட்டிட்டுப் போறேன். நீங்க கெளம்புங்க."

மழை வந்தா என்று மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"நனஞ்சுட்டுப் போறேன்."

தரகர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அக்கா மோட்டாரைக் கையில் எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள், பிளவில் டிஷ்யூ தாளைச் சொருகி எடுத்துப் பார்த்தாள். தாள் காய்ந்தே வந்த பிறகுதான் கதவுக்குள் கையை விட்டாள். மாட்டி, ஒயரைச் சொருகி, தங்கையைச் சுவிட்சை அழுத்தச் சொன்னாள். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். கதவுக்குள் ஒரு முனகல். கண்ணாடி வயதானவர் மாடிப்படி ஏறுவதுபோல ஏறியது, நின்றது, ஏறியது, ரப்பரில் போய் முட்டியது. இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, சுணக்கம் போகும்வரை பார்த்தார்கள். நான்கு கதவுகளின் மேலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். நான்கிலும் தண்ணீர் அடிவழியாகத் தரையில் இறங்கியது. கதவுக்குள் மறுபடி மின்விசிறிக் காற்று போக வேண்டியிருந்தது. உள்பலகையை அவள் மூடியபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஸ்டீயரிங்கையும் கதவுப் பிடிகளையும் கடைசியாக ஒரு தடவை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுச் சாவியை உருவினாள். மாப்பிள்ளை ஈரக் கால்சட்டையோடு பக்கத்தில் வந்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் என்று கையை நீட்டினார். அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை, தீர்கிற மாதிரியும் தெரியவில்லை. நீட்டிய கையைத் தாண்டிப் போய், தங்கையின் உள்ளங்கையைப் பிரித்து அதில் சாவியை வைத்து மூடினாள்.

"காலைல நேரத்துக்குக் கெளம்பு" என்றாள்.