நாற்பத்தொன்றாம் நம்பர் கார்

என் கணவர் பதினான்கு வருடம் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். நாற்பது வயதில் கடல் போதும் என்று கரைக்கு வந்தார். துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்து நிறுத்தும் டக் படகில் எஞ்சின்காரராகச் சேர்ந்தார். கையில் சேமிப்பு இருந்தது. நான் தண்டையார்பேட்டையில் ஒரு ப்ளாட் பார்த்து வைத்திருந்தேன். அவர் கார் வாங்கி வந்தார்.

இரண்டே கதவு. பின்னால் பேருக்கு ஒரு சீட்டு. நிழலில் கறுப்பாகவும் வெயிலில் நீலமாகவும் தெரிகிற ஒரு நிறம். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பந்தய காரைச் சாலைக்கு ஏற்ற மாதிரி மாற்றி, எண்ணி நூறு வண்டி மட்டும் செய்து இங்கே அனுப்பியதாம். கியருக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு தகடு, அதில் 41 என்று பொறித்திருந்தது. அண்ணாநகரில் ஒரு டாக்டர் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்புகிற அவசரத்தில் விற்றது.

"இது காரு இல்ல, நெலம் மாதிரி," என்றார் அவர். "இனிமே எவனும் இத செய்யப் போறதில்ல. இருக்கறதும் ஒண்ணொண்ணா இடிச்சி ஒடைஞ்சி காணாமப் பூடும். மிச்சம் நிக்கறதுக்கு வெல ஏறிகினே போவும்."

"நெலம்னா வூடு கட்டலாம். இதுல இன்னா கட்றது?" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதர் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள் அது. கப்பலில் இருந்த வருடங்களில் எனக்கும் மகளுக்கும் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தவர், தனக்கு ஒரு கைக்கடிகாரம்கூட வாங்கிக்கொண்டதில்லை. அதனால் ப்ளாட் பேச்சை அன்றோடு விட்டேன்.

எர்ணாவூரில் எங்கள் வீட்டின் முன்னறையை இடித்து ஷட்டர் போட்டார். எங்கள் பக்கத்தில் காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலைக்குள் பழுப்பாகிவிடும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஒரு பக்கம், உப்புக் காற்று ஒரு பக்கம். ஷட்டரின் இடுக்கெல்லாம் ரப்பர் ஒட்டினார். காருக்கு இரண்டு உறை. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் ஒரு மெஷின் இரவும் பகலும் ஓடியது. நாங்கள் படுக்கிற அறையில் ஏசி கிடையாது.

அந்தக் காரை வைத்திருப்பவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினார்கள். அதில்தான் அவர் பாடம் படித்தார். விலை நிற்பது மூன்று விஷயத்தில். மீட்டர் ஏறியிருக்கக் கூடாது, தகட்டு எண்ணும் எஞ்சின் எண்ணும் காகிதத்தோடு ஒத்துப்போக வேண்டும், பெயிண்ட் கம்பெனியில் அடித்ததாகவே இருக்க வேண்டும். இந்த மூன்றையும் அவர் எங்களுக்கும் ஓதினார். வாங்கும்போது மீட்டரில் பதினேழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அடுத்த ஆறு வருடத்தில் அது இருநூறுகூட ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுவார். அறையே அதிரும். பிறகு அணைத்து, துடைத்து, மூடிவிடுவார்.

"டாடி, ஒரே ஒரு ரவுண்டு," என்பாள் மகள்.

"மீட்டர் ஏறும்மா."

மழை நாளில் அவள் ஷேர் ஆட்டோவில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடம் போவாள். கார் காய்ந்த அறையில் நிற்கும். ஆறாம் வகுப்பில் கேட்டவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நான் செய்த காரியம் அதற்கு அடுத்த வருடம் நடந்தது. டக் படகைப் பழுது பார்க்கத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனார்கள். அவரும் போனார், பன்னிரண்டு நாள். எனக்கு மாதவரம் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கில் பில் போடும் வேலை. ஒரு சாயங்காலம் பேய்மழையில் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தேன். தெருவில் முழங்கால் தண்ணீர். வெளியே விட்டால் ஸ்கூட்டர் மூழ்கிவிடும் என்று ஷட்டரைத் தூக்கி, காருக்கும் சுவருக்கும் நடுவில் அதைச் செருகினேன். ஈரத்தரையில் ஸ்டாண்ட் வழுக்கியது. பிரேக் கம்பி காரின் இடது கதவை முழ நீளத்துக்குக் கிழித்தது. உறைகள் இரண்டும் கிழிந்து, உள்ளே வெள்ளையாக ஒரு கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவர் கத்துகிற மனிதர் இல்லை, அதுதான் கஷ்டம். வந்து பார்ப்பார், விரலால் ஒரு தடவை தடவுவார், ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொள்வார். அதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது.

மறுநாள் கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு மணலி ரோட்டில் ஒரு பெயிண்டரைப் பிடித்தேன். ஐம்பது வயசுக்காரர். கைபேசியில் நிறத்தைக் காட்டினேன்.

"இந்த நீலமா?" என்று என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "டப்பா கீது. கலந்து வெச்சது. வூட்டாண்டயே வந்து அடிச்சிர்றேன்."

இத்தனை அபூர்வமான நிறம் கையில் தயாராக இருக்கிறதே என்று எனக்கு வியப்பாக இருந்தது. அந்தோணியார் கண் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை. மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் அவர் வேலையை முடித்துவிட்டார். உற்றுப் பார்த்தாலும் தெரியாத வேலை. அதே மாதிரி உறைகள் இரண்டும் வாங்கிப் போர்த்தினேன். பெயிண்ட் நெடிதான் போகவில்லை. நான்கு நாள் சாம்பிராணி போட்டேன்.

அவர் ஊரிலிருந்து வந்ததும் மூக்கைச் சுருக்கினார். "இன்னா, வூடே கோயில் மாதிரி கீது?"

"கொசு," என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் அவர் கதவைத் துடைக்கும்போது எனக்குச் சமையலறையில் கை ஓடாது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. கார் கதவில் பெயிண்ட் அடித்தது எந்தக் கட்டளையை மீறியது என்று அவரே குழம்பியிருப்பார்.

பிறகு ஒரு நாள் குழுவில் செய்தி வந்தது. இருபத்தெட்டாம் நம்பர் வண்டி புனேயில் யாரும் எதிர்பாராத விலைக்குப் போய்விட்டது. அவர் வீட்டுக்குள் ஓடி வந்தார். "நேரம் வந்துச்சு. குட்த்துரலாம். நீ கேட்ட ப்ளாட்ட இப்பவே பாத்து வெய்."

கோயம்புத்தூரில் மில் வைத்திருக்கும் ஒருவர் நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். என் கணவர் போனில் பேசியது எனக்குக் கேட்டது.

"எல்லாம் ஒரிஜினல் பெயிண்ட்டு சார். ஒரு சொட்டு கை வெக்கல."

அடுப்படியில் நின்றிருந்த நான் அடுப்பை அணைத்தேன். என்னால் இந்த மனிதர் பொய்யர் ஆகிறார். அன்றே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் தள்ளினேன். அந்தப் பத்து நாளும் அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. காரைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

கோவைக்காரர் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, அமைதியான முகம். காபியைக் குடித்துவிட்டு, பையிலிருந்து சோப்பு டப்பி அளவில் ஒரு மெஷினை எடுத்தார்.

"பெயிண்ட் எத்தன கனம்னு இது சொல்லிப்போடுமுங்க. கம்பெனில அடிச்சதுன்னா நூறு, நூத்திருவது காட்டும். மேல அடிச்சிருந்தா எறநூறு, முந்நூறுன்னு ஏறிப்போகும்."

அப்படி ஒரு மெஷின் இருப்பதே எனக்குத் தெரியாது. என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

கோவைக்காரர் மெஷினைக் கூரையில் வைத்தார், நூற்றுப்பத்து. வலது கதவில் நூற்றைந்து. முன்னால் வந்து பானெட்டில் வைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு. இன்னொரு இடத்தில் வைத்தார். முந்நூற்றிருபது. எனக்குப் புரியவில்லை. பானெட்டை நான் தொடவே இல்லையே! அந்த டாக்டர் ஏமாற்றிவிட்டார் போல என்று நினைத்தேன். அதற்குள் கோவைக்காரர் சுற்றிக்கொண்டு இடது கதவுக்கு வந்துவிட்டார். மெஷின் இருநூற்றறுபது காட்டியது.

"அது நான்," என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையது போலக் கேட்டது. மழை, ஸ்கூட்டர், பெயிண்டர், சாம்பிராணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "இவருக்கு ஒண்ணும் தெரியாது சார். இவரு பொய் சொல்லல. நான்தான் மறைச்சிட்டேன்."

என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். யாரையும் அந்தக் காரின் மேல் அப்படிக் கை வைக்க அவர் விட்டதில்லை.

"பானெட்டு நானு," என்றார்.

மூன்று வருடத்துக்கு முன்பு அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான் ராயபுரத்துக்குப் போய் ஒரு வாரம் இருந்தேன். அப்போது கார் அறைப் பரணிலிருந்து டக் படகு ஸ்பேனர் ஒன்றை இவர் எடுத்திருக்கிறார். கை தவறிப் பானெட்டில் விழுந்து குழியாகிவிட்டது. ஒரு பெயிண்டரை வரவழைத்து, நீலத்தைக் கலக்கச் சொல்லி அடிக்கவைத்து, நான் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருக்கிறார்.

"யார்கிட்ட குட்த்தீங்க?"

"மணலி ரோட்ல, கம்ப்ரசர் வெச்சிகினு ஒர்த்தர் கீறாரே..."

"அய்யய்யோ, அதே ஆளு!"

டப்பா கீது என்று அந்தப் பெயிண்டர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மனிதர் ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை வந்து, ஒரே காருக்கு இரண்டு ரகசியப் பெயிண்ட் அடித்து, இரண்டு பேரையும் காட்டிக்கொடுக்காமல் போயிருக்கிறார். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் முதலில் சிரித்தாள். பிறகு நான். என் கணவர் காரின் மேல் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத தண்ணீர்.

"உங்கிட்ட சொன்னா, ப்ளாட்ட வுட்டு இத வாங்கினதுக்கு இதுதான் கெடச்சுதான்னு நீ கேப்பன்னு பயம்," என்றார். "தெனமும் சொல்லிரலாம்னு பாப்பேன்."

"நானும்தான்."

கோவைக்காரர் மெஷினைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். இவர் அவர் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். "சார், மன்னிச்சிருங்க. போன்ல பொய் சொல்ட்டேன். இவ்ளோ தூரம் வரவெச்சிட்டேன்."

"பரவால்லைங்க." அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "சேர்த்து வெக்கறவனுக்கு இது ஆகாதுங்க. ரெண்டு எடத்துல பெயிண்ட் மாறிப்போச்சுன்னா அந்த விலை வராது. ஆனா எஞ்சின் அப்படியே புதுசுங்க." காரைச் சுற்றி இன்னொரு முறை நடந்தார். "எங்கிட்ட ஒம்பது வண்டி நிக்குதுங்க. ஒண்ணையும் ஓட்ட மனசு வர்றதில்ல. இத நீங்க ஓட்டலாமுங்க. இனி என்ன பயம்?"

மதியம் எங்களோடு வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டுவிட்டுத்தான் அவர் கிளம்பினார்.

அவரை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் உடம்பு எவ்வளவு லேசாகிவிட்டது என்று தெரிந்தது. இரண்டு வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த ஒன்றை யாரோ இடுப்பிலிருந்து இறக்கி வைத்த மாதிரி இருந்தது. என் கணவருக்கு மூன்று வருடம். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். கிடைக்காமல் போன விலையைப் பற்றி அன்று இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச மறந்துவிட்டோம் என்பதுதான் உண்மை. ஈரம் இழுக்கும் மெஷினை அவர் நிறுத்தினார். இத்தனை வருடம் கேட்டுக்கொண்டே இருந்த இரைச்சல் நின்றதும் தெருவில் குழந்தைகள் விளையாடும் சத்தம் உள்ளே வந்தது.

மறுநாள் பூசை முடிந்ததும், "கெளம்புங்க, பழவேற்காடு போலாம்," என்றார்.

மகள் பின்சீட்டில் காலை மடக்கிச் சுருண்டுகொண்டாள். மீஞ்சூர் தாண்டியதும் அவர் காலை அழுத்த, கார் போட்ட உறுமலில் மூன்று பேரும் கத்தினோம். ஆறு வருடம் அறைக்குள் கேட்ட அதே சத்தம்தான், ரோட்டில் வேறு மாதிரி இருந்தது. ஏரிக்கரையில் இறால் வாங்கினோம்.

திரும்பும்போது அத்திப்பட்டில் ரயில்வே கேட் போட்டிருந்தது. நிலக்கரி வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் காலி மீன்கூடையோடு நின்றிருந்த ஓர் அம்மா குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"நைனா, முகத்துவாரக்குப்பம் பக்கமா போற? பஸ்ஸே காணோம்பா. எடம் கீதா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் இறங்கிப் பின்னால் மகளுக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் அமர்ந்தார்.

"இன்னாபா இது, தரையிலயே குந்தினாப்ல கீது! காசு போதாம சின்னதா வாங்கிட்டியா?"

"ஆமாக்கா," என்றார் என் கணவர்.

குப்பத்து முனையில் கார் நின்றது. சீட்டு அத்தனை தாழ்வாக இருந்ததால் அந்த அம்மாவால் எழ முடியவில்லை. என் கணவர் கீழே இறங்கி வந்து ஒரு கையைப் பிடித்து இழுத்தார். மகள் டிரைவர் பக்கக் கதவு வழியாக வெளியே நெளிந்து வந்து இன்னொரு கையைப் பிடித்தாள். நான் பின்னாலிருந்து முதுகைத் தள்ளினேன். "மெதுவா, மெதுவா, இடுப்பு பூடப் போவுது," என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சத்தம் போட, மூன்றாவது இழுப்பில் வெளியே வந்து சேலையை உதறிக்கொண்டார்.