ட்ரம்முக்கும் சுருதி உண்டு

ட்ரம்ஸ் செட்டுக்குச் சுருதி சேர்ப்பதுதான் என் தொழில் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு "அதுக்கும் சுருதி இருக்கா?" என்பார்கள். இருக்கிறது. ஒவ்வொரு ட்ரம்முக்கும் மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல். தோல் என்று பேச்சுக்குச் சொல்கிறோம், இப்போது எல்லாம் பிளாஸ்டிக்தான். அதைச் சுற்றித் திருகாணிகள். சின்னச் சாவியால் ஒன்றை முறுக்கினால் அதற்கு நேர் எதிரே இருப்பதையும் முறுக்க வேண்டும், விரலால் தட்டிக் கேட்க வேண்டும், திருப்தி இல்லையென்றால் மறுபடி முதலில் இருந்து.

பள்ளிக்கூட பேண்டில் ஸ்னேர் என்கிற சின்ன ட்ரம் அடித்த நாளில் பிடித்துக்கொண்ட பழக்கம், இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது. கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறேன். கூப்பிட்டால் ஊருக்கும் போவேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களுக்கு விளக்கியே களைத்துப்போன யாராவது இதை வாசிக்கிறீர்கள் என்றால், வாங்க, உட்காருங்க, நாம் எல்லாரும் ஒரே கட்சி.

யானைப் படத் தலையணை

கலகெதரவில் கல்யாணங்களுக்கு வாசிக்கிற பேண்ட் ஒன்று. அதில் ட்ரம்ஸ் அடிக்கிற ரமேஷ், பேஸ் ட்ரம்மின் சத்தம் சரியில்லை என்று கூப்பிட்டிருந்தார். காலால் மிதித்து அடிக்கிற பெரிய ட்ரம் அது. சத்தம் நீளமாக இழுபடாமல் இருக்க உள்ளே தலையணையோ போர்வையோ வைப்பது வழக்கம். முன்பக்கத் தோலில் இருந்த ஓட்டை வழியாகக் கையை விட்டேன். யானைப் படம் போட்ட ஒரு குட்டித் தலையணை வந்தது. அதன் ஒரு மூலை யாரோ சப்பிச் சப்பி நைந்துபோயிருந்தது.

"மகளோடது அக்கா," என்றார் ரமேஷ் வெட்கத்தோடு. வேறு எதை வைத்தாலும் அவருக்குச் சத்தம் பிடிக்கவில்லையாம். வேறு எதில் படுத்தாலும் மகளுக்குத் தூக்கம் வரவில்லையாம். அதனால் பகலில் அப்பாவுக்கு, பொழுது சாய்ந்தால் மகளுக்கு என்று வீட்டில் ஒப்பந்தம். பாவம், பிள்ளைக்கே அது இருக்கட்டும் என்று நினைத்து, நான் ஒரு துவாயை மடித்து இரண்டு தோலையும் மெல்லத் தொடுகிற மாதிரி வைத்து, திருகாணிகளையும் சரிசெய்தேன். ரமேஷ் மிதித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இறங்கி வந்து துவாயை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, தலையணையை மறுபடி உள்ளே தள்ளினார். ஏன், பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"துவாய்தான்க்கா நல்லாக் கேக்குது. ஆனா இது உள்ளுக்கு இருந்தாத்தான் எனக்கு நேரத்துக்கு வீட்டுக்குப் போற எண்ணம் வரும்."

பாட்டு எப்போது?

என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நயீம் சேரின் வீடு. அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அவருடைய மனைவி மர்ஜானா மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, என் சுவரோரமாக இருக்கிற அறையில்தான் மாதக்கணக்காகப் படுத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் சேர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து விஷயத்தைச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஒரே இடத்தில் டொக், டொக், டொக் என்று நாள் முழுக்கத் தட்டுகிறவள் நான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"ஏச வரல்ல மகள்," என்றார் சேர். "மாமி ஒரு கேள்வி கேட்டு அனுப்பினா. நீங்க தட்டுறீங்க, தட்டுறீங்க, நல்லா வந்துட்டு ஈக்கிது, அப்படியே நிப்பாட்டிர்றீங்க. பாட்டு எப்ப தொடங்கும்?" இங்கே பாட்டு இல்லை சேர், சுருதி சரியானதும் ட்ரம்முக்குச் சொந்தக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றேன். அவர் இறங்கிப் போகாமல் அப்படியே நின்றார். இந்தச் செய்தியை எப்படிக் கொண்டுபோய் மனைவியிடம் சொல்வது என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த பிறகு, அறையில் இருந்த ட்ரம்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஜன்னலைத் திறந்துவைத்து, எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட அணிவகுப்புத் தாளத்தையும் அதன் பின்னால் ஒரு பைலா ஆட்டத் தாளத்தையும் அடித்தேன். நான் நல்லாச் சுருதி சேர்ப்பேன், ஆனால் நல்லா அடிப்பேன் என்று யாரும் சொன்னதில்லை. வியர்த்து விறுவிறுத்து முடித்தபோது, பக்கத்து ஜன்னலில் இருந்து மர்ஜானா மாமியின் குரல் கணீரென்று வந்தது.

"மகள், முடியிற இடத்துல கொஞ்சம் பிசகிட்டீங்க. இன்னொருக்கா அடிங்க!"

சத்தம் வராத சுருதி

சிவராஜா அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க். மகள் தர்ஷினியின் பிடிவாதத்துக்காக ட்ரம்ஸ் செட் வாங்கிக் கொடுத்துவிட்டு, "சத்தம் வராத மாதிரி ஒரு சுருதி வச்சுத் தாங்க" என்று என்னிடம் கேட்டவர். அப்படி ஒரு சுருதி உலகத்தில் இல்லை. எல்லா ட்ரம்மின் மேலும் துவாய் போர்த்தி, ஓரங்களில் டேப் ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில மாதம் கழித்து மறுபடி போனால், ஸ்னேர் தோல் முழுக்கக் குழி. துவாய் போர்த்தி அடித்ததில் இப்படி ஆகவே ஆகாது. இந்த மெலிந்த பிள்ளைக்கு இவ்வளவு கைபலமா என்று தர்ஷினியைப் பார்த்தேன். அவள் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே அவளுடைய அப்பா எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு, மேசை ஓரத்தில் இரண்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் என் காதருகே வந்தாள்.

"நான் டியூசனுக்குப் போனதும் அவருதான் அக்கா துவாய எல்லாம் எடுத்துட்டு அடிக்கிறாரு. உக்கார்ற கதிரைய அவரு உயரத்துக்கு வச்சிட்டுப் போங்க, நான் சமாளிச்சுக்குவேன்."

ஜோர்ஜ் அண்ணன்

கண்டியில் ஒரு ஹோட்டலில் வார இறுதிகளில் வாசிக்கிறவர் ஜோர்ஜ் அண்ணன். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே மேடையில் பார்த்த ஆள். ஸ்னேரையும் டொம் என்கிற மற்ற ட்ரம்களையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு தனியாக வந்தார். "ஸ்னேர் செத்துப்போச்சு தங்கச்சி. நல்லா இறுக்கு," என்றார். இறுக்கினேன். "இன்னும்." இறுக்கினேன். தோல் பலகை மாதிரி ஆகி, தட்டினால் என் காதில் ஊசி குத்துகிறது. அவரோ, "இன்னும் கொஞ்சம்" என்கிறார். நான் தண்ணீர் கொதிக்கிற கேத்தல் பக்கம் திரும்பி நின்று, "அண்ணன், தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டேன். இல்லை.

திரும்பி வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவரே சொன்னார். மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாக அவர் காதைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. மனைவி காலமான பிறகு வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்றுதான் அந்த மனுஷன் வாரத்தை ஓட்டுகிறார். "பேண்டுல தெரிஞ்சா வேற ஆளப் பாப்பாங்க. நீ வாய் திறந்துடாத," என்றபோது அவருடைய கை சாவியைப் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தது. இறுக்கியதை எல்லாம் தளர்த்தினேன். ஸ்னேரின் சுருதியைக் கனமாக இறக்கினேன். டொம்களை அதைவிடக் கீழே. பெரிய டொம்மை அவருடைய தொடையோடு ஒட்டி வைத்து, "இப்ப காதால கேக்காதீங்க, காலால கேளுங்க," என்றேன். கண்ணை மூடி மெல்ல அடித்தார். பிறகு பலமாக. பிறகு நிறுத்தவே இல்லை. போகும்போது, காது டொக்டரைப் பார்க்காமல் என்னிடம் மறுபடி வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் அந்த பேண்டில் கீபோர்ட் வாசிக்கிற ஷிரோமி எனக்குப் போன் பண்ணினாள். ஏதோ குறை என்று பயந்தேன். அண்ணன் பழையபடி அடிக்கிறார் என்றாள். நான் ஒன்றும் தெரியாத மாதிரி, தோல் மாற்றினோம், அதுதான் என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

"எங்க எல்லாருக்கும் தெரியும் அக்கா, உங்ககிட்ட போகச் சொன்னதே நாங்கதான். அடுத்த கிழமை பேண்டே சேர்ந்து காது செக் பண்ணப் போறோம்னு சொல்லி அவரையும் கூட்டிட்டுப் போறோம். எங்களுக்குத் தெரியும்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடாதீங்க."

பதில் சொல்கிற ஸ்னேர்

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னத் தேவாலயம். அங்கே ஸ்னேர் யாரும் தொடாமலேயே சிணுங்குகிறது, ஜெபம் குழம்புகிறது என்று போதகர் அழைத்திருந்தார். ஸ்னேருக்கு அடியில் கம்பிச் சுருள்கள் உண்டு. சுருதி ஒத்துப்போகிற சத்தம் எங்கிருந்து வந்தாலும் அவை தானாகச் சிலிர்க்கும். பெரும்பாலும் கிட்டார்தான் காரணமாக இருக்கும். ஆராதனை நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். கிட்டாருக்கு அசையவில்லை. போதகருக்கும் அசையவில்லை. முன் வரிசையில் ஓரமாக இருந்த லூர்தம்மா, பாடும்போதோ ஜெபிக்கும்போதோ குரலை ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு உயர்த்தினால் மட்டும் 'ஸ்ஸ்ர்ர்' என்றது. தேயிலைக் கொழுந்து பறிக்கிற அம்மா. கணவர் இல்லை. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில்.

ஆராதனை முடிந்ததும் போதகரிடம் சொன்னேன், திருகாணியில் கால் சுற்று போதும், இனிச் சத்தம் வராது என்று. பின்னால் நின்ற லூர்தம்மா காதில் அது விழுந்துவிட்டது. "அப்ப அது எனக்குத்தான் சத்தம் போட்டிச்சா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆமாம் என்றேன். சங்கடப்படுவார் என்று நினைத்தேன். அவரோ ட்ரம் பக்கத்தில் போய் நின்று, அந்தச் சுரத்தை மட்டும் மெல்லிய குரலில் பாடினார். அது சிலிர்த்தது. மறுபடி பாடினார். மறுபடி சிலிர்த்தது. போதகர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, ஸ்னேரின் பக்கவாட்டில் இருக்கிற சின்ன நெம்புகோலைப் போதகருக்குக் காட்டினேன். ஜெபத்தின்போது இறக்கிவிட்டால் கம்பி பேசாது, பாட்டின்போது ஏற்றிவிட்டால் பேசும். போதகர் தலையாட்டினார். லூர்தம்மா ட்ரம்மின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"வூட்டுல நான் பேசுனா திருப்பிப் பேச ஒரு ஆளு இல்லம்மா. இது ஒண்ணாவது பேசிட்டுப் போகட்டுமே."

இத்தனை காலமும் திருகாணி முறுக்கியதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: ட்ரம் சீக்கிரம் சரியாகிவிடும், அதைக் கொண்டுவருகிற ஆள் சரியாகத்தான் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் கூடுதலாக ஆகும்.