வாயைக் கட்டிய ஆப்

பெங்களூர் சந்தாபுராவில் மொபைல் கடை நடத்துவது பாதி ரிப்பேர், பாதி பஞ்சாயத்து. என்னைப் போலக் கடை போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இலவசம் என்றால் சந்தேகம்

எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டுபவர், போன் ரொம்ப ஹேங் ஆகிறது என்று வந்தார். போனில் உள்ள ஆப்களையெல்லாம் காட்டி, வேண்டாததை நீக்கவும் முடக்கவும் உதவும் ஓபன் சோர்ஸ் கருவி ஒன்றை எடுத்தேன். இலவசம் என்றதும் அவர் முகம் மாறியது. பயம் வேண்டாம், இதன் புரோகிராம் கோட் முழுவதையும் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம் என்றேன்.

"நீங்க படிச்சீங்களா? இல்ல. நா படிச்சேனா? இல்ல. மத்தே, தொறந்து வெச்சு யாருக்கு சார் லாபம்?" என்று கன்னடம் கலந்த தமிழில் மடக்கினார்.

பேட்டரி தின்னும் ஆசாமி

மலர்விழி பொம்மசந்திராவில் பேக்கிங் வேலை பார்ப்பவர். பேட்டரி நிற்பதில்லை என்றார். கருவியைப் போட்டுப் பார்த்தால், திரையில் ஐகானே இல்லாத ஒரு ஆப், அவர் இருக்கும் இடத்தை இன்னொரு போனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் அதிர்ச்சியடையவில்லை. வீட்டுக்காரர் வேலைதான் என்றார். ஷிப்ட் முடிந்ததும் கணவருக்குத் தெரியாமல் ஸ்கூட்டர் பழகுகிறாராம். தெரிந்தால் அதோடு நின்றுவிடும். நீக்கிவிடவா என்று கேட்டேன்.

"எடுத்தா கண்டுபிடிச்சிடுவாருண்ணா. அது பாட்டுக்கு இருக்கட்டும், வாய மட்டும் கட்டிடுங்க."

லொகேஷன் அனுமதியைப் பறித்து அனுப்பினேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

என் கடையில் குடியிருந்தவர்

இரண்டு நாள் கழித்து மலர்விழியின் வீட்டுக்காரர் வந்தார். ஹெட்போன் ஸ்டாண்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கவுண்டருக்கு அடியில் குனிந்து பார்த்தார். "ரெண்டு நாளா என் சம்சாரம் இங்கதான் இருக்கா" என்று போனை நீட்டினார். புள்ளி என் கடை மேலேயே நின்றது. அனுமதியை இங்கே வைத்துப் பறித்ததால் கடைசியாகத் தெரிந்த இடம் இதுதான். ராத்திரி எங்கே இருந்தார்கள் என்று கேட்டேன். "வீட்லதான் தூங்குனா. ஆனா இங்க காட்டுதே!"

பாவம், அந்தப் பெண்ணின் ஸ்கூட்டர் இன்றோடு போச்சு என்று நினைத்தேன். வாய்க்கு வந்தபடி, அவர்களுக்கே போன் பண்ணிக் கேளுங்களேன் என்றேன். அவருக்கு அது புது யோசனையாக இருந்தது. பண்ணினார். சற்று நேரத்தில் எல் போர்டு மாட்டிய ஸ்கூட்டர் ஒன்று வாசலில் வந்து நின்றது. மலர்விழி இறங்கவில்லை. பின் சீட்டைத் தட்டினார்.

"ஏறி ஒக்காருங்க. நா எங்க போறேன்னு பின்னாடி இருந்தே பாத்துக்கலாம்."

ஏறிவிட்டார். இப்போதெல்லாம் யாருடைய லொகேஷனைப் பறிப்பதென்றாலும், ஆளைப் பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப்போய் அங்கே வைத்துத்தான் பறிக்கிறேன்.