எழுதியிருப்பதை மட்டும்

பலேர்மோவில் சட்டம் படிக்கப் போகிறவருக்கு முதலில் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நுழைவுப் பரீட்சையில் ஒரு பந்தியைத் தருவார்கள். அதன்கீழே ஐந்து விடைகளைப் போட்டு, பந்தியிலிருந்து எது பெறப்படுகிறது என்று கேட்பார்கள். பிழையான விடைக்குப் புள்ளி வெட்டு. பத்தொன்பது வயதில் எனக்கு இது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. ஒன்பது வயதிலிருந்து வீட்டுக்கு வரும் இத்தாலியக் கடிதங்களையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துச் சொல்லி வந்தவள் நான். வாசிப்பில் என்னை யார் வெல்வது என்ற திமிர் இருந்தது. வசந்தத்தில் நடந்த முதல் பரீட்சையில் அந்த வாசிப்புப் பகுதியிலேயே கவிழ்ந்தேன்.

கோடை முடிவில் இன்னொரு வாய்ப்பு இருந்தது. அம்மா ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியின் வீட்டில் சமையலும் துப்புரவும் பார்க்கிறார்; அவரை சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். அந்த சிஞ்ஞோராவின் தங்கை வீட்டுக்கும் ஆள் தேவைப்பட்டது.

"இந்தமுறையும் சரிவராட்டி நீ அங்கை போ. ஒரு வருஷத்தைச் சும்மா இருந்து பாழாக்கேலாது," என்றார் அம்மா.

கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் பயந்தேன். வீட்டில் நாங்கள் இருவர்தான். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே ஜெர்மனிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அதை எழுத இது இடமில்லை.

எங்கள் வீடு பலேர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தைக்கு மேலே இரண்டாம் மாடியில். யன்னலைத் திறந்தால் வியாபாரிகளின் கூவல், மூடினால் புழுக்கம். திறந்து வைத்துக்கொண்டே பயிற்சிப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினேன். ஒரு பந்தி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு சந்தையில் காலையில் மீன் விற்கிறார்கள். சிலர் பிற்பகலிலும் விற்கிறார்கள். இதிலிருந்து எது பெறப்படுகிறது? நான் யோசிக்கவே இல்லை. பிற்பகலில் மீன் மலிவு என்ற விடையைக் குறித்தேன். எங்கள் தெருவில் கைக்குழந்தையைக் கேட்டாலும் அதைத்தானே சொல்லும். பிழை என்றது புத்தகம். பந்தியில் விலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையாம்.

"இதை எழுதினவன் ஒரு நாளும் மீன் வாங்கியிருக்க மாட்டான்," என்று புத்தகத்தைக் கட்டிலில் எறிந்தேன்.

கோபம் ஆறியதும் ஓர் ஆர்வம் தொற்றிக்கொண்டது. எனக்கு இத்தாலிய மொழி நன்றாகத் தெரியும். புத்தியிலும் பெரிய குறையில்லை. பிறகு ஏன் திரும்பத் திரும்பப் பிழை விடுகிறேன்? ஒரு கொப்பியை எடுத்து, பிழையான விடை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதை ஏன் தெரிந்தெடுத்தேன் என்று எழுதத் தொடங்கினேன். என்னை நானே வேவு பார்ப்பது நல்ல சுவாரசியமாக இருந்தது. மூன்று கிழமையில் ஆள் பிடிபட்டாள். நான் பந்தியை வாசிப்பதே இல்லை. அதற்குள் முடிவு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாய்கிறேன். கிடைத்ததும் நிறுத்திவிடுகிறேன். மிச்சத்தை எனக்குத் தெரிந்த உலகத்தைக் கொண்டு நிரப்பிவிடுகிறேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிற்று. கடிதம் வந்தால் அம்மா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நிற்பார். "ஓமோ, இல்லையோ?" என்பதுதான் கேள்வி. அவர் அப்படி நிற்பதைப் பார்த்துக்கொண்டு யாரால் வரிவரியாக வாசிக்க முடியும்? ஓம் எங்கே, இல்லை எங்கே என்று கண் ஓடும். இலங்கையிலிருந்து இங்கே வந்த எங்கள் ஆட்களின் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் வாசித்திருப்போம் என்று நினைக்கிறேன்.

ஓகஸ்டில் புத்தகம் முடிந்துவிட்டது. அப்போதுதான் அம்மாவின் கடிதக் கோப்பை எடுத்தேன். மின்சாரக் கடிதம், வாடகை ஒப்பந்தம், வரிக் கடிதம்: இவற்றைவிட வறண்ட இத்தாலிய உரைநடை வேறெங்கே கிடைக்கும்? ஒவ்வொன்றையும் பந்தியாக வைத்து நானே கேள்வி போட்டு விடை எழுதினேன். வேடிக்கையாக இருந்தது. அப்படிப் போகும்போது, எனக்குப் பன்னிரண்டு வயதில் வந்த ஒரு கடிதம் கையில் பட்டது. அம்மாவின் குடியுரிமை விண்ணப்பத்துக்கு வந்த பதில்.

அதை நான் வாசித்த நாள் நினைவிருக்கிறது. விண்ணப்பத்தை ஏற்க முடியாத நிலை இருக்கிறது என்ற வரியைக் கண்டதும், "இல்லையாம் அம்மா," என்று சொல்லிவிட்டேன். அம்மா கடிதத்தை மடித்து வைத்தார். அதன்பிறகு விண்ணப்பிக்கவே இல்லை. நான் இங்கே பிறந்ததால் பதினெட்டில் எனக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அம்மா இன்னமும் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கிறார்.

இந்தமுறை கடிதத்தைப் பரீட்சைப் பந்தியாக, முதல் சொல்லிலிருந்து வாசித்தேன். தாளைத் திருப்பினேன். பின்பக்கத்திலும் எழுத்து இருந்தது. ஒரு வருட வருமானப் பத்திரம் குறைகிறது. பத்து நாளுக்குள் அனுப்பினால் பரிசீலிப்போம். அதன் பிறகே முடிவு. அவர்கள் இல்லை என்று சொல்லியிருக்கவில்லை. நான்தான் சொல்லியிருக்கிறேன். அப்போதும் அம்மாவுக்குச் சம்பளம் கொடுத்த சிஞ்ஞோராவிடம் அந்தப் பத்திரத்தைக் கேட்டிருந்தால் அன்றைக்கே தந்திருப்பார்.

அம்மா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்வரை காத்திருந்தேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அம்மா கதிரையில் அமர்ந்து கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"பத்து நாளோ?"

"ஓம்."

அம்மா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "பள்ளிக்கூடத்தால வந்த பிள்ளையைச் சாப்பிடக்கூட விடாமல் வாசிக்கச் சொன்னது நான்தானே," என்றார். என்னைத் திட்டியிருக்கலாம், எனக்கு அது சுகமாக இருந்திருக்கும்.

"இனித் திரும்பப் போடலாமோ? கிடைக்குமோ?"

கட்டாயம் கிடைக்கும் அம்மா என்று சொல்ல வாய் உன்னியது. எத்தனை கடிதங்களுக்கு அப்படிச் சொல்லியிருப்பேன். அடக்கிக்கொண்டேன்.

"போடலாம். கிடைக்குமெண்டு இதில எழுதேல்லை."

"அப்ப போடு," என்றார் அம்மா.

பரீட்சைக்கு ஆறு நாள் இருந்தது. அதில் இரண்டு நாளை அந்த விண்ணப்பத்துக்குக் கொடுத்தேன். பரீட்சையில் தேறினேன், வாசிப்புப் பகுதியில் இரண்டே பிழை. இப்போது சட்டபீடத்தில் இரண்டாம் வருடம். அம்மாவுக்குப் பதில் இன்னும் வரவில்லை. கடிதப் பெட்டியை இப்போதும் அவர்தான் திறக்கிறார். கடிதம் ஏதும் வந்தால், எனக்குத் தருவதற்கு முன், தனக்கு ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாத அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத்து இருக்கிறதா என்று பார்க்கிறார்.