நான் கேட்டது சபை ஆள், வந்தது செல்வி அக்கா

அன்பான சகோதர சகோதரிகளே, என் கூட்டாளி என் கண்ணெதிரே செத்துப்போய்விடுவான் என்று நான் நடுங்கிய ஒரு மத்தியானத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மேட்டூர்க்காரன். மார்மன் சபையிலேயே பிறந்து வளர்ந்தவன். வேறு சபைக்காரர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் எங்கள் வழக்கங்களைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பையன்கள் இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போவார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை. அந்த இரண்டு வருடமும் எங்களை "எல்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கே போனாலும் ஜோடியாகத்தான் போகவேண்டும். டீ, காபி தொடமாட்டோம். ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டோம். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல்.

சேலத்தில் நான் ஊழியம் செய்தபோது எனக்குக் கூட்டாளி எல்டர் பாபு. ராஜமுந்திரிப் பையன். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம்.

மே மாதம், உபவாச ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் உடம்பு சரியில்லாத ஒரு சகோதரரைப் பார்க்க பரமத்தி வேலூர் பக்கம் கிளம்பினோம். பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்கவேண்டும். இந்தப் பக்கம் கரும்பு, அந்தப் பக்கம் வாழை. அந்த வெயிலை மேட்டூரில்கூட நான் பார்த்ததில்லை. பாபு பின்தங்கிக்கொண்டே வந்தான். திரும்பிப் பார்த்தபோது அவன் ரோட்டில் இல்லை. கரும்பு ஓரமாக விழுந்து கிடந்தான்.

உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஆனால் ஒரு சொட்டு வேர்வை இல்லை. தெலுங்கில் என்னவோ உளறினான். ராத்திரியெல்லாம் அவனுக்கு வயிற்றுப்போக்கு என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சொன்னால் உபவாசத்தை விடச் சொல்லிவிடுவேன் என்று மறைத்திருக்கிறான். இப்படி ஒரு முட்டாள்தனத்தை நம் பையன்களால் மட்டும்தான் செய்யமுடியும்!

எங்களிடம் தண்ணீர் பாட்டில்கூட இல்லை. உபவாசத்தன்று எதற்கு என்று எடுத்து வரவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எந்த இடம் என்று கேட்டார்கள். சுற்றிலும் கரும்பு என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மூன்று பைக்குகள் வேகத்தைக் குறைத்து, எங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். டீகூடக் குடிக்காத எங்களை!

நான் மண்ணில் மண்டியிட்டேன். அழுதேன். "பரலோகப் பிதாவே, நம் சபை ஆள் ஒருத்தரை அனுப்பும்" என்று ஜெபித்தேன். யாரையாவது அனுப்பும் என்று கேட்கவில்லை. சபை ஆள் என்றே கேட்டேன். அந்தக் காட்டில் நம் சபை ஆள் எங்கிருந்து வருவார் என்று எனக்கே தெரியாது.

ஆமென் சொல்லி முடிப்பதற்குள் ஸ்கூட்டி சத்தம். ஓர் அக்கா வண்டியைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார்.

"எல்டர், என்னாச்சுங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாமக்கல் ஜில்லாவில் கரும்புக் காட்டுக்கு நடுவில் ஒருவர் என்னை எல்டர் என்கிறார்! அவர் பெயர் செல்வி. நெற்றியில் குங்குமம் இருந்தது. அதை நான் பார்த்தேன், ஆனால் அப்போது என் மண்டையில் எதுவும் ஏறவில்லை.

கரும்பைத் தாண்டியதும் அவர் வீடு. நான் பாபுவைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் அவர் சட்டென்று நின்றுவிட்டார்.

"அவரு வாழைத்தார் எறக்கப் போயிருக்கறாருங்க. போன் போட்டுட்டேன், வந்துட்டே இருக்கறாரு. ஊட்டுல நான் மட்டுந்தான். நீங்க உள்ள வரமாட்டீங்கன்னு தெரியும். நான் வெளிய நின்னுக்கறேன், நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க. ஃபேனுக்குக் கீழ படுக்க வைங்க."

அந்த விதி அந்த நேரத்தில் எனக்கே மறந்துபோயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை. தன் வீட்டை எங்களுக்கு விட்டுவிட்டு, மே மாத வெயிலில், மரநிழல்கூட இல்லாத வாசலில் அவர் நின்றார். ஜன்னல் வழியாக ஈரத்துண்டு வந்தது. பின்னால் தனியாக இருந்த அடுப்படியிலிருந்து உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் வந்தது. அக்குளில் துண்டை வை, காலைத் தூக்கி வை என்று வெளியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

தண்ணீரை உதட்டருகே கொண்டுபோனால் பாபு வாயை இறுக்கி மூடிக்கொண்டான். "உபவாசம்" என்று முனகினான். ஜன்னலிலிருந்து ஓர் அதட்டல் வந்தது.

"உபவாசம் ஒடம்பு நல்லா இருக்கறவங்களுக்குத்தான் சாமி! நோவு வந்தா குடிக்கோணும். உனக்குச் சொல்லித் தரலியா? எனக்குச் சொல்லிக் குடுத்தாங்களே!"

பாபு குடித்தான். நான் டம்ளரைப் பிடித்தபடி ஜன்னலையே பார்த்தேன்.

"அக்கா... நீங்க சபையா?"

"இருந்தோமுங்க. நானும் அவரும். விட்டுட்டு ரொம்ப நாளாச்சு. பேசாம தண்ணியக் குடு."

விட்டுப் போனவர்களைப் பற்றி எனக்குள் ஒரு படம் இருந்தது. கோபக்காரர்கள், நம்மைக் கண்டாலே கதவைச் சாத்துபவர்கள் என்று. இங்கே எனக்காகத் திறந்த கதவுக்கு வெளியே அவர் வெந்துகொண்டிருந்தார்.

அவர் கணவர் பழனிசாமி அண்ணன், குட்டி யானை என்று நாம் சொல்லும் சின்ன சரக்கு வண்டியில் வந்து சேர்ந்தார். வாழைச் சருகின் மேல் பாபுவைக் கிடத்தி நாமக்கல்லுக்கு விரட்டினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் டாக்டர். விடியும்வரை எதுவும் சொல்லமுடியாது என்றும் சொன்னார்.

நோயாளிக்கு எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து ஜெபிப்பது எங்கள் முறை. அதை இரண்டு பேராகச் செய்வதுதான் வழக்கம். நான் அண்ணனைப் பார்த்தேன். அவரும் ஒரு காலத்தில் அதைச் செய்தவர்தானே?

"நீங்களும் கை வைங்கண்ணா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நம்பாம கை வெச்சா அது பொய்யாயிருமுங்க. நீங்க பண்ணுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

பையில் வைத்திருந்த எண்ணெய்க் குப்பியின் மூடி எனக்குத் திறக்க வரவில்லை. அவர் வாங்கித் திறந்து கொடுத்தார். நான் ஜெபித்து முடிக்கும்வரை தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார். நம்பிக்கை இல்லாதவர் ஒருவர் என் ஜெபத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

காலையில் பாபு கண் விழித்து, பசிக்கிறது என்றான். நான் சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். செல்வி அக்கா ஃப்ளாஸ்க்கோடு வந்தார். "டீ இல்ல சாமி, பாலுதான். பயப்படாம குடிங்க" என்றார்.

எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் நான் உளறினேன். "அக்கா, தேவன் உங்களைத் திரும்பக் கூப்பிடறாருன்னு நினைக்கிறேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை, சிரித்தார். "அப்படியெல்லாம் முடிச்சுப் போடாத. எங்களுக்கு நம்பிக்கை வரலை, வெளிய வந்துட்டோம். அதுக்காக, ரோட்டுல கெடக்கற புள்ளைய உட்டுட்டுப் போவாங்களா?"

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான்: அவர்கள் சபைக்குத் திரும்பி வந்துவிட்டார்களா? இல்லை. வரவில்லை. சாட்சி அப்படி முடியவேண்டும் என்று நானும் வெகுநாள் ஆசைப்பட்டேன். இப்போது ஆசைப்படுவதில்லை. ஆனால் விட்டுப் போனவர்களின் வீட்டைக் கண்டால் இப்போது நான் ஒதுங்கிப் போவதில்லை. சபைக்குக் கூப்பிடுவதற்காகவும் போவதில்லை. சும்மா போய் நலம் விசாரித்துவிட்டு வருகிறேன்.

போன தை மாதம் மேட்டூரில் என் கல்யாணம். ராஜமுந்திரியிலிருந்து பாபு வந்தான், நன்றாகச் சதை போட்டிருக்கிறான். அக்காவும் அண்ணனும் வந்தார்கள். நம் சபைக் கல்யாணம் என்பதால் பாதாம் பால்தான், டீ, காபி கிடையாது. சாப்பாடு முடிந்து அக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சாமி. சாப்ட்டா ஒரு காபி குடிச்சுப் பழகிப்போச்சு. நாங்க வெளிய போய்க் குடிச்சுட்டு வாரோம்."

"நீங்க உக்காருங்கக்கா."

மாலையும் கழுத்துமாக ரோட்டைக் கடந்து கடைக்குப் போனேன். என் வாழ்க்கையில் முதல் முறையாகக் காபி கேட்டேன். சர்க்கரை எவ்வளவு என்று கடைக்காரர் கேட்க, முழித்தேன். திரும்ப ஓடி வந்து அக்காவிடம் கேட்டுவிட்டுப் போனேன். மண்டபமே வாயைப் பிளந்து பார்க்க, இரண்டு கையிலும் இரண்டு டம்ளரோடு சபைக்காரர்களுக்கு நடுவில் நடந்து வந்தேன். அக்கா வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. சூடு ஆறும்வரை அழுதுகொண்டிருந்தார்.

என் பிதா ஜெபத்தைக் கேட்கிறவர். கரும்புக் காட்டில் அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆகையால் நீங்களும் தைரியமாகக் கேளுங்கள். யாரை அனுப்பவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். இதை என் இரட்சகரின் பெயரால், நன்றியோடு சொல்லி முடிக்கிறேன். ஆமென்.