அக்கா விட்டுக்கொடுக்காத பங்கு

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரில் பாதிப் பேர் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நின்றவர்கள். அவர்களும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது உப்பிலியபுரத்தில். அப்பாவுக்கு நாங்கள் இருவரும் பெண்கள். திருச்சியில் விடுதியில் தங்கி வரலாறு எம்.ஏ. படித்த அக்கா, பழைய இங்கிலாந்தின் நிலப்பிரபு குடும்பம் ஒன்று நான்கு தலைமுறையாகப் பெண் கொடுத்ததையும் சொத்துப் பிரித்ததையும் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். விடுமுறையில் எங்களுக்கும் சொல்வார். ஆண் வாரிசு இல்லாமல் பிரபு இறந்தால், வயது வராத மகளைக் கட்டிக்கொடுக்கும் உரிமையையே அரசர் விலைக்கு விற்றுவிடுவாராம். வாங்கியவர் அவளைத் தன் மகனுக்கே கட்டிவைத்து நிலத்தைச் சேர்த்துக்கொள்வாராம். அம்மா நம்பவில்லை.

அப்பா இறந்த பதினாறாம் நாள் நம்பினார். அக்காவைத் தம் மைத்துனருக்குக் கொடுக்க முடிவு செய்துவிட்டதாகச் சித்தப்பா அன்று அறிவித்தார். மைத்துனர் மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். பெண்களுக்கும் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்திருந்த புதிது. நிலம் வெளியே போகக் கூடாதாம்.

"என் கல்யாணத்தைப் பேசி முடிக்க நீங்க யாருங்க, சித்தப்பா?" என்றார் அக்கா.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

இரண்டு மாதத்தில் சித்தப்பா ஒரு பத்திரத்தோடு வந்தார். அப்பா உயிரோடிருந்தபோதே சித்தப்பாவின் மகனைத் தத்தெடுத்ததாகவும், அம்மா சம்மதித்துக் கைநாட்டு வைத்ததாகவும் அதில் இருந்தது. எங்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்த நால்வர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அக்கா வழக்குத் தொடுத்தார். மகளிர் கல்லூரியில் ஆசிரியையாகி, ஸ்ரீரங்கத்தில் வீடு பிடித்து எங்களை அழைத்துக்கொண்டார். பாடம் முடித்துவிட்டுப் பஸ் பிடித்து நீதிமன்றத்துக்குப் போவார்.

மூன்றாம் வருடம் அம்மா கூண்டேறினார். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியுங்க. நான் எதுக்குக் கைநாட்டு வைக்கப் போறேன்?" என்று சொல்லி, நீட்டிய தாளில் முழுப்பெயரையும் எழுதினார். ஒரே முற்றத்தில் இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தும், அண்ணிக்கு எழுதத் தெரியும் என்பது சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டுப் பார்த்ததே இல்லை.

வென்றோம். அதன்பின் ஒரு கல்யாணப் பத்திரிகைகூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அக்காவைப் பெண் கேட்க வந்தவர்களிடம், கோர்ட் ஏறிய பெண் என்று உறவினர்கள் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஒரே ஒருமுறை அக்கா அழுததைப் பார்த்திருக்கிறேன், அது அப்படி ஒரு வரன் திரும்பிய மாலை.

மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோன அன்று, சித்தப்பாவின் மகன் காவிரியில் முழுகி ஈர வேட்டியோடு வந்து நின்றார். கொள்ளி வைத்தால் வாரிசு என்று பேசலாம் அல்லவா?

"தள்ளிக்குங்க. நான் வைக்கிறேன்," என்றேன். வைத்தேன். பெண் சுடுகாட்டுக்கு வரலாமா என்று பின்னால் கேட்ட குரல்களுக்குத் திரும்பவில்லை.

கடைசிவரை துணைநின்ற வக்கீல் ஐயாவுக்கும், ஆஸ்பத்திரிக்கு நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு மாமிக்கும், முறைபோட்டுக் கண்விழித்த அக்காவின் மாணவிகளுக்கும் அம்மாவும் நானும் என்றும் கடமைப்பட்டவர்கள்.

அக்கா எல்லோரையும் மன்னித்துவிட்டுத்தான் போனார் என்று எழுதினால் நன்றாயிருக்கும் என உறவினர் ஒருவர் சொல்லியனுப்பினார். கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருந்தவள் நான். அக்கா யாரையும் மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை.